வாய்ப்பே இல்லை

செவ்வாய் விடிய ஆறு மணிக்கு
ராணிப்பேட்டையிலிருந்து தஸ்லீம் பாஷா.
"மேடம், பொட்டி மறுபடி மல்லாந்துடுச்சு.
ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எழுந்துக்குது.
ஆனா இது மூணாவது செவ்வாய்க்கிழமை."

பொட்டி என்றால்
தோல் ஷெட்டுகளின் கழிவுநீர்க் குழாயில்
உப்பை அளக்கிற கருவி.
உள்ளங்கை அகலப் போர்டு,
அறுபத்துநாலு எம்பி நினைவகம்.
அதன் டிரைவர் நான் எழுதியது.

சத்துவாச்சாரி மாடியறையில்
மின்விசிறி வெயிலைக் கிண்டிக்கொண்டிருக்க
கோடைத் திறந்தேன்.

எழும்போது டிரைவர் நான்கு கேட்கும்.
ஒரு பக்கம் நினைவகம்.
பிறகு கடிகாரம்.
பிறகு குறுக்கீட்டுக்கு ஓர் எண்.
கடைசியில் சென்சாரைக் கூப்பிட்டு
இருக்கிறாயா என்கும்.

இல்லையென்றால்
வாங்கியதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்,
எண், கடிகாரம், பக்கம் என்று.
சிஎம்சியில் ஸ்கேனுக்கு முன் நர்ஸ் கழற்றச் சொன்னபோது
கடைசியாய்ப் போட்ட வளையல்தானே முதலில் வந்தது.
வரிசை பிசகினால்
விட்டுக்கொடுத்த பக்கத்தில் இன்னும் யாரோ எழுதுவார்கள்,
காலி செய்த வீட்டு முகவரிக்குக் கடிதம் போடுவதுபோல.
புதிதாய்க் குடிவந்தவன்
அதைத் தனக்கென்றே படிப்பான்.

இங்கே வரிசை சரி.
எண் திரும்பியிருக்கிறது, கடிகாரம் நின்றிருக்கிறது.
பக்கம்?

அதைப் பிடித்திருந்த சுட்டி
ஃபங்ஷன் முடிந்ததும் செத்துவிட்டது.
பக்கம் சாகவில்லை.
இருக்கிறது, யாருடையதும் இல்லை.
பட்டாவும் இல்லை, புறம்போக்கும் இல்லை.

வெள்ளி மாலை ஐந்துக்கு
சென்சாரைக் கழற்றிக் கழுவ அனுப்புகிறார்கள்.
செவ்வாய்ப் பகலில்தான் அது திரும்பும்.
இது எனக்கு இன்றுதான் தெரியும்.
நடுவில் ஒரு ஸ்கிரிப்ட்
அரை நிமிடத்துக்கு ஒருமுறை
ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுகிறது.
ஒவ்வொரு தட்டலுக்கும் நாலு கேபி.
நாற்பது எம்பி மிச்சமிருந்தால்
பத்தாயிரத்து இருநூற்று நாற்பது தட்டல்,
எண்பத்தைந்து மணி நேரம்,
பாஷாவின் போன்.

அந்த நிபந்தனைக்கு மேல் ஒரு சொல் போர்த்தியிருந்தது:
அன்லைக்லி.
கம்பைலர் நம்பிவிடும்.
அந்தக் கிளையைத் தூக்கி
ஃபங்ஷனின் கடைக்கோடியில் வைத்துவிடும்,
வழியில் நிற்காதே என்று.

யார் போர்த்தியது?
நான்தான். மூன்று வருடத்துக்கு முன்,
இரவு ஒன்று நாற்பதுக்கு.
அதன் கீழே ஜலகண்டேசனின் கேள்வி:
இங்கே பக்கத்தைத் திருப்ப வேண்டாமா?
அதன் கீழே என் பதில்:
சென்சார் இல்லாமல் யார் பொட்டியை ஓட்டுவார்கள்,
வாய்ப்பே இல்லை.
பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

அந்த நாளில் தினமும்
காட்பாடிக்குப் பாலாற்றுப் பாலத்தில்தான் போய்வந்தேன்.
கீழே மணல், சீமைக்கருவேலம், காயும் போர்வைகள்.
பொட்டுத் தண்ணீர் இல்லாத ஆற்றுக்கு
யாரோ அத்தனை கண் விட்டுக் கட்டியிருக்கிறார்கள்.
பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

திருத்தம் இரண்டு வரி. ஒரு லேபிள், ஒரு விடுவிப்பு.
அதோடு விடவில்லை.
போர்டை மேசையில் வைத்து
ஒவ்வொரு படியிலும் வேண்டுமென்றே கையை விரிக்கச் செய்தேன்.
நினைவகம் கிடையாது, போ.
கடிகாரம் கிடையாது, போ.
இரண்டாவதில்
தொடங்கவே தொடங்காத கடிகாரத்தை
ஓடிப்போய் நிறுத்தியது.
அதுவும் என் கைதான்.

சாயங்காலம் புதியதை ஏற்றினோம்.
"இனிமே வராதில்ல, மேடம்?"

பழைய சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"வெள்ளிக்கிழமை கழட்டினா
அடுத்த புதன் வரைக்கும் மாட்டாம வைங்க, பாஷா.
நான் கூப்பிடுறேன்."